வந்த நாளும் போன நாளும்

கிளிநொச்சி டிப்போ சந்திக்குக் கிட்ட எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. போட்டோக்கொப்பி எடுக்கலாம், கடவுச்சீட்டுக்குப் படம் பிடிக்கலாம், எந்தக் கந்தோருக்கு எந்தப் படிவம் என்று கேட்கலாம். கடைசியில் சொன்னதற்கு நான் காசு வாங்குவதில்லை. ஆனால் நாளில் பாதி அதிலேயே போய்விடுகிறது.

2012இல் கடை திறந்த நாளிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். வந்த காசு, போன காசு, யாருக்குக் கடன், எதற்குக் கூலி எல்லாவற்றையும் சீ.ஆர். கொப்பியில் திகதி போட்டு எழுதி வைப்பேன். பழைய கொப்பிகளையும் எறிவதில்லை. "இவற்றை அடுப்பில் போட்டால் ஒரு நேரச் சோறாவது வேகும்" என்பது என் மனைவியின் கருத்து. அந்தக் கொப்பிகளில் ஒன்றுக்கு 2021 நவம்பரில் ஒரு வேலை வந்தது.

என் தங்கை கல்யாணமாகி 2018 மே 14ஆம் திகதி கனடாவில் இறங்கினாள். கணவர் அங்கிருந்து அவளுக்குப் பொறுப்பு நின்று எடுத்ததால், விமான நிலையத்திலேயே நிரந்தர வதிவிடம் கிடைத்துவிட்டது. அடுத்த படி குடியுரிமை. அதற்கு விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்திய ஐந்து ஆண்டுகளுக்குள் 1,095 நாள்கள் கனடா மண்ணில் உடலோடு இருந்திருக்க வேண்டும். வரி கட்டுவது, மொழி, இருபது கேள்விகளில் பதினைந்துக்குச் சரியாகப் பதில் சொல்லும் சோதனை எல்லாம் தனி. தங்கை பாடசாலையில் கெட்டிக்காரி. அவற்றைப் பற்றி நாங்கள் கவலைப்படவில்லை.

நவம்பர் நடுவில் ஓர் இரவு வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள்.

"அண்ணா, நான் 25ஆம் திகதி விண்ணப்பம் போடப் போகிறேன். 1,098 நாள் வருகிறது. ஒரு தடவை நீங்களும் பாருங்கள்."

மூன்று நாள் மட்டும் மிச்சமாக நிற்கும் கணக்கைப் பார்த்தால் எனக்குப் பிடிக்காது. படிவம் நிரப்பி நிரப்பி வந்த குணம் அது. "இடையில் இங்கே வந்து நின்ற நாள்களை எதை வைத்து எழுதினாய்?" என்று கேட்டேன்.

"டிக்கெட்டை வைத்துத்தான்."

அங்கேதான் பிழை இருந்தது. 2020 தை மாதம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. அவள் பெப்ரவரி 8ஆம் திகதி அங்கிருந்து புறப்பட்டு வந்தாள். மார்ச் கடைசியில் திரும்புவதாகத்தான் டிக்கெட். மார்ச் 20ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. கட்டுநாயக்க விமான நிலையமும் ஏறக்குறைய மூடிவிட்டது. அந்த டிக்கெட் போய் மே மாதத்துக்கு ஒன்று, அதுவும் போய் ஓகஸ்ட் 20க்கு ஒன்று. யூன் மாதம் அப்பா எங்களை விட்டுப் போய்விட்டார். பாரதிபுரத்தில் அந்தக் கருமாதிக்கு வந்தவர்கள் முகக்கவசத்தோடு வேலிக்கு வெளியே நின்று போனார்கள். இவ்வளவுக்கும் நடுவில் கையில் இருக்கும் டிக்கெட்டில் என்ன திகதி என்று யார் பார்ப்பது? மின்னஞ்சலில் கிடந்த கடைசி டிக்கெட் ஓகஸ்ட் 20 என்றது. அன்றே கனடா போய்ச் சேர்ந்ததாக அவள் எழுதிவிட்டாள்.

கடவுச்சீட்டைப் பார் என்றேன். கட்டுநாயக்கவில் குத்திய வெளியேறும் முத்திரையில் மை பரவி, மாதமே தெரியவில்லை. கனடாவுக்குள் நுழையும்போது முத்திரையே குத்தவில்லையாம்.

அடுத்த நாள் கடைக்குப் போய் 2020ஆம் ஆண்டுக் கொப்பியை எடுத்தேன். ஓகஸ்ட் மாதப் பக்கங்களில் தங்கையின் பயணம் எங்கேயும் இல்லை. செப்ரெம்பர் முதலாம் திகதிக்கு நேரே என் கையெழுத்தில் இருந்தது: "தங்கச்சி, கட்டுநாயக்க, வான் கூலி 22,000. தேத்தண்ணி 340." அன்று இரவு புறப்பட்டது நினைவுக்கு வந்துவிட்டது. புளியங்குளம் தாண்டும்வரை அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் விமானம், வழியில் ஓர் ஊரில் நீண்ட காத்திருப்பு, 3ஆம் திகதி அங்கே தரை இறங்கியிருக்கிறாள்.

இனிக் கணக்கு. கனடாச் சட்டத்தில் ஒரு நல்ல குணம், புறப்பட்ட நாளும் வந்திறங்கிய நாளும் அங்கே இருந்த நாள்களாகவே எண்ணப்படும். ஆக, இல்லாத நாள்கள் பெப்ரவரி 9இலிருந்து செப்ரெம்பர் 2வரை. அந்த ஆண்டு பெப்ரவரிக்கு 29 நாள். கூட்டினால் 207. அவள் எழுதியிருந்தது 193. விண்ணப்பம் போட நினைத்த நாளில் அவளிடம் இருந்தது 1,098 அல்ல, 1,084. பதினொரு நாள் குறைவு.

தொலைபேசியில் சொன்னபோது சிறிது நேரம் சத்தமில்லை. பிறகு, "நல்ல வேளை, நீங்கள் தேத்தண்ணி குடித்தீர்கள்" என்றாள்.

அவள் திரும்பிப் போனதும் அங்கே பதினான்கு நாள் தனிமைப்படுத்தல் இருந்தது. வீட்டின் நிலக்கீழ் அறையில் தனியே அடைந்து கிடந்தாள். அந்தப் பதினான்கும் கணக்கில் சேர்ந்துவிட்டன. கட்டிலில் படுத்திருந்தாலும் கனடாவில் படுத்திருந்தால் போதும்.

இன்னும் பதினொரு நாள் பொறுத்தால் 1,095 ஆகிவிடும் என்று அவள் நின்றாள். நான் விடவில்லை. பக்கத்து நாட்டுக்குக் கல்யாணத்துக்குப் போன ஒரு சனி ஞாயிறை மறந்திருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். உண்மையிலேயே அப்படி ஒன்று இருந்ததா என்று அவள் இரண்டு நாள் யோசித்தாள். இருக்கவில்லை. ஆனாலும் 2022 சனவரி 31வரை காத்திருந்து, ஐம்பத்தாறு நாள் மிச்சத்தோடு விண்ணப்பத்தை அனுப்பினாள்.

என் பயத்துக்குக் காரணம் என்னிடமே ஒரு பேணிக்குள் இருக்கிறது.

எங்கள் தாத்தா திருச்சிப் பக்கம் துறையூரில் பிறந்தவர். 1924இல் பன்னிரண்டு வயதில் பெரியவர்களோடு தலைமன்னார் வழியாக வந்து மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிந்தார். அங்கேயே வளர்ந்து, 1936இல் அங்கேயே கல்யாணம். 1940 சித்திரையில் ஊரில் அவருடைய தாய் இறந்துவிட்டதாகக் கடிதம் வந்தது. பாட்டியையும் மூத்த பிள்ளையையும் லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில்) விட்டுவிட்டு, மூன்று மாதத்தில் வருகிறேன் என்று புறப்பட்டார்.

அவருக்குத் தெரியாத ஒன்று அதற்கு முன்பே நடந்திருந்தது. 1939இல் இலங்கை அரசாங்கம் அரசாங்க வேலைகளிலிருந்த இந்தியத் தொழிலாளரை நிறுத்தத் தொடங்கியது. அதற்குப் பதிலடியாக இந்திய அரசாங்கம் அந்த ஆண்டு ஓகஸ்டிலிருந்து கூலித் தொழிலாளர் இலங்கைக்குக் கப்பலேறுவதைத் தடை செய்தது. இலங்கையிலிருந்து ஊருக்குப் போவதற்குத் தடை இல்லை. திரும்பி வரத்தான் முடியாது. தாத்தா கப்பலேறும் இடமான மண்டபத்துக்கும் துறையூருக்குமாக நடந்து பார்த்திருக்கிறார். தடை தளர்ந்த பிறகு, 1943 மாசியில்தான் திரும்பினார். விட்டுப் போன பிள்ளைக்கு அவரை அடையாளம் தெரியவில்லை.

வீட்டில் அதை ஒரு கதையாகத்தான் சொல்வார்கள். அது கதையாக மட்டும் இருந்த காலம் 1949வரை.

1948 நவம்பர் 15இலிருந்து நடைமுறைக்கு வந்த குடியுரிமைச் சட்டப்படி, இந்த மண்ணில் பிறந்தால் மட்டும் போதாது. தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பன் வழியில் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். 1944இல் பிறந்த எங்கள் அப்பாவுக்கு அந்தக் கதவு அங்கேயே மூடியது. அடுத்த ஆண்டு இன்னொரு சட்டம்: இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டம். இதற்குப் பேரே வதிவு. 1946 சனவரி முதலாம் திகதிக்கு முந்திய ஏழு ஆண்டுகள், கல்யாணமாகாதவர் என்றால் பத்து ஆண்டுகள், இடையறாது இலங்கையில் வசித்திருக்க வேண்டும். அதன் பிறகும் விண்ணப்பிக்கும் நாள்வரை இங்கேயே இருந்திருக்க வேண்டும். ஊருக்குப் போய் வந்தால் பரவாயில்லை. ஆனால் ஒரே பயணம் பன்னிரண்டு மாதத்தைத் தாண்டினால் தொடர்ச்சி அறுந்துவிடும். விண்ணப்பிக்க இரண்டே ஆண்டு அவகாசம், 1951 ஓகஸ்டுவரை.

தாத்தா கல்யாணமானவர். அவருக்கான ஏழு ஆண்டுகள் 1939 சனவரியில் தொடங்குகின்றன. 1940 சித்திரையிலிருந்து 1943 மாசிவரை அவர் இங்கே இல்லை. அதற்கு முன் பதினாறு ஆண்டு கொழுந்து பறிக்கவும் செடி கவ்வாத்து வெட்டவும் காலையில் பெரட்டுக்கு (ஆளெண்ணும் வரிசைக்கு) நின்றது கணக்கில் வரவில்லை. பிறகு வந்து மறுபடி எட்டு ஆண்டு நின்றதும் வரவில்லை. தோட்டத்து வேலைப் பதிவேடான செக்றோலில் அவர் பேர் காணாமற்போன அந்த மாதங்கள் மட்டும் கணக்கில் வந்தன.

நான் தங்கையின் 207 நாளை எழுதிக் கழித்த அதே தாளின் மூலையில் இதையும் போட்டுப் பார்த்தேன். அவளுடையதைக் கழித்தால் மிச்சம் வந்தது. தாத்தாவுடையதில் கழிப்பதற்கே இடமில்லை. ஓர் இடத்தில் அறுந்தால் முழுக் கயிறும் போய்விடுகிற மாதிரி அந்தச் சட்டத்தை எழுதியிருக்கிறார்கள். அவரைத் திரும்பி வரவிடாமல் நிறுத்தியது ஓர் அரசாங்கம், ஏன் திரும்பி வரவில்லை என்று கேட்டது இன்னோர் அரசாங்கம் என்பதை விசாரணையில் அவர் சொல்லியிருக்கிறார். காதில் விழுந்ததா தெரியாது, தாளில் ஏறவில்லை.

அந்தத் தாள் இப்போதும் எங்களிடம் இருக்கிறது. 1954ஆம் ஆண்டு, ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தது. ஓரம் கறுத்து, நடுவில் மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்துப் போய்விட்டது. இடையறாத வதிவு நிரூபிக்கப்படவில்லை என்கிற வரி மட்டும் முழுதாக இருக்கிறது. இதை லேமினேட் செய் என்று பலர் சொன்னார்கள். பழைய தாளுக்கு நான் அதை ஒருபோதும் செய்யமாட்டேன். வாடிக்கையாளர் கேட்டாலும் தடுப்பேன். சூடு பட்டால் மிச்ச எழுத்தும் ஒட்டிக்கொண்டு போகும். நல்ல பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, மூலத்தைக் காற்றுப் படாமல் விட்டால் போதும்.

2009இல், யுத்தத்தின் கடைசி மாதங்களில், அம்மா அதை நெஸ்டமோல்ட் பேணிக்குள் போட்டு, மூடியைச் சுற்றி மெழுகுதிரி உருக்கி ஊற்றினார். தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, மாத்தளன், முள்ளிவாய்க்கால், பிறகு செட்டிகுளம் மெனிக் பாம் முகாம். பித்தளைக் குடம் போனது, தையல் இயந்திரம் போனது, பேணி வந்து சேர்ந்தது. குடியுரிமை மறுத்த கடதாசியை எதற்கு அம்மா இவ்வளவு கவனமாகக் கொண்டுவந்தீர்கள் என்று ஒரு தடவை கேட்டேன். "அதில்தானே உன் தாத்தா இங்கே இருந்தார் என்று எழுதியிருக்கிறது" என்றார்.

அம்மா சொன்னது சட்டப்படியும் சரி. ஆனால் அது சரியாக வருவதற்கு ஐம்பது ஆண்டு ஆனது. அந்த 1949 சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. ஏறத்தாழ 1,34,000 பேருக்குத்தான் கிடைத்தது. மிச்சப் பேரை 1964 ஒக்ரோபர் 30ஆம் திகதி இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து பங்கு பிரித்தார்கள். 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மீதி 1,50,000 பிறகு பார்த்துக்கொள்ளலாம். பத்து ஆண்டு கழித்து அந்த மீதியையும் பாதிப் பாதியாக வெட்டினார்கள். தாத்தாவின் தம்பி இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்து நீலகிரிக்குப் போய் அங்கேயும் தேயிலையே கிள்ளினார். தாத்தா எதற்கும் எழுதிக் கொடுக்கவில்லை. ஒருமுறை போய்த் திரும்ப முடியாமல் நின்றவர், இரண்டாம் முறை படகேறத் தயாராக இல்லை.

தமிழருக்கு எதிரான 1977 கலவரத்தில் லயம் எரிந்தது. வவுனியா வந்து, அங்கிருந்து கிளிநொச்சி. காடு வெட்டி, மண்குடிசை போட்டு, மற்றவர் வயலில் கூலிக்கு இறங்கினார்கள். நான் 1979இல் இங்கே பிறந்தேன். கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல். அதனால் என் பிறப்புச் சான்றிதழில் யாழ்ப்பாண மாவட்டம் என்றிருக்கும். தெற்கே உள்ள கந்தோர்களில் அதைக் காட்டும்போதெல்லாம் "யாழ்ப்பாணமா?" என்பார்கள். யாழ்ப்பாணத்தில் காட்டினால் என் முகத்தைப் பார்த்து, "தோட்டக்காட்டுப் பக்கமா?" என்பார்கள். நான் இரண்டுக்கும் தலையை ஆட்டிவிட்டு வேலையை முடித்துக்கொண்டு வருவேன்.

1988இலேயே நாடற்றவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் வந்துவிட்டது. ஆனால் வன்னிக்குள் யுத்தம் நடந்த காலத்தில் அது எங்கள் கைக்கு ஒரு தாளாக வந்து சேரவில்லை. 2003இல் இன்னொரு சட்டம், 35ஆம் இலக்கம். 1964 ஒக்ரோபர் 30ஆம் திகதியிலிருந்து இலங்கையில் நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினரும் அவர்களுடைய வழித்தோன்றல்களும் இலங்கைப் பிரசைகள். ஏழாண்டு இல்லை, பத்தாண்டு இல்லை, பன்னிரண்டு மாத அளவுகோலும் இல்லை. அந்த ஒரு திகதியில் இங்கே இருந்த குடும்பம் என்று காட்ட வேண்டும்.

சமாதான காலம் அது. அம்மா பேணியைத் திறந்தார் (அப்போது வேறு பேணி). 1954 நிராகரிப்புக் கடிதம், 1960களின் தோட்டத்துச் சீட்டுகள், அப்பாவின் பிறப்புப் பதிவு எல்லாம் ஒரே நூலில் கட்டியிருந்தன. மறுத்தவர்களின் கடிதமே எங்களுக்குச் சாட்சியானது. 2004இல் எனக்குத் தேசிய அடையாள அட்டை கிடைத்தது. எனக்கு இருபத்தைந்து வயது. அப்பாவுக்கு அறுபது. அட்டையை வாங்கிய அன்று அப்பா அதைச் சட்டைப் பையில் வைக்கவில்லை. வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு, வழி முழுவதும் ஒரு கையால் பிடித்தபடி வந்தார்.

கடைக்கு வருகிறவர்களிடம் இந்தக் கதையை நான் சொல்வதில்லை. ஆனால் அவர்களுடைய கணக்குகளைக் கேட்கும்போது உள்ளுக்குள் அதுதான் ஓடும். இலண்டனில் மகன் இருக்கும் ஓர் ஐயா போன மாதம் வந்தார். பேரப்பிள்ளையின் முதல் பிறந்தநாளுக்கு மகன் ஏன் வரவில்லை என்று அவருக்குக் கோபம். நான் விளக்கிச் சொன்னேன்: அங்கே குடியுரிமைக்குப் பொதுவான விதி ஐந்து ஆண்டு; அதற்குள் 450 நாளுக்கு மேல் வெளியே நிற்கக்கூடாது, கடைசி ஒரு வருடத்தில் 90 நாளுக்கு மேல் கூடாது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. விண்ணப்பம் போய்ச் சேரும் நாளுக்குச் சரியாக ஐந்து ஆண்டு முன்பு அந்த ஒரு நாளில் அந்த நாட்டுக்குள் இருந்திருக்க வேண்டும். ஐயா கேட்டுவிட்டு, "அப்படியென்றால் அவன் 90 நாளையும் மாமியார் வீட்டுக்குச் செலவழித்துவிட்டான்" என்றார். அதற்கு என்னிடம் படிவம் இல்லை.

சுவிஸ் கணக்கு வேறு. பத்து ஆண்டு வேண்டும். ஆனால் எட்டு வயதுக்கும் பதினெட்டு வயதுக்கும் இடையில் அங்கே கழித்த ஆண்டுகளை இரண்டு மடங்காக எண்ணுகிறார்கள். பிள்ளைக்கு முந்திக் கிடைத்து, கூட்டிக்கொண்டு போன தாய் பின்னால் நிற்கும் வீடுகள் எனக்குத் தெரியும்.

கனடாவிலேயே ஆளுக்கு ஆள் கணக்கு மாறும். பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் மாணவனாகப் போனான். நிரந்தர வதிவிடம் கிடைப்பதற்கு முன் இருந்த நாள்கள் அரை அரை நாளாகத்தான் ஏறும். அதுவும் 365 நாளைத் தாண்டாது. அகதிக் கோரிக்கை வைத்தவர்களுக்கு, பாதுகாப்புக் கிடைத்த நாளுக்குப் பிறகுதான் அந்த அரை நாளும். வழக்கு இழுபட்ட ஆண்டுகளில் அவர்கள் பனி அள்ளியது, உணவகத்தில் பாத்திரம் கழுவியது எல்லாம் எண்ணிக்கைக்கு வெளியே. இன்னொரு உறவினர் 2012 ஓகஸ்டில் நிரந்தர வதிவிடத்தோடு இறங்கினார். மூன்று ஆண்டு முடிய இரண்டு மாதம் இருக்கும்போது, 2015 யூனில், விதியை ஆறு ஆண்டுக்குள் 1,460 நாள் என்று மாற்றிவிட்டார்கள். அவர் நான்காவது ஆண்டும் ஓடி முடித்து விண்ணப்பித்தார். 2017 ஒக்ரோபரில் மறுபடி பழைய 1,095க்கே கொண்டுவந்தார்கள், ஐந்து ஆண்டு அவகாசத்தோடு. அவரிடம் இதைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது.

ஆனால் என்னை உட்காரவைத்துவிடுகிறவர்கள் தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பி வந்தவர்கள். 1990இல் மன்னார்க் கரையிலிருந்து படகேறி, மண்டபம் போய், இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் முகாமில் இருந்துவிட்டு வந்த ஓர் அக்கா, பிள்ளைகளின் பிறப்புப் பதிவுக்காக வந்தார். இந்தியச் சட்டத்தில் பொதுவாகப் பதினான்கு ஆண்டில் பதினொரு ஆண்டும், அதற்குப் பிறகு தொடர்ந்து ஓர் ஆண்டும் வசித்தவர் விண்ணப்பிக்கலாம். அக்காவிடம் அதைப்போல இரண்டு மடங்கு இருந்தது. ஆனால் சட்டவிரோதமாக வந்தவர் என்ற சொல்லுக்குள் வந்துவிட்டால் எத்தனை ஆண்டு இருந்தாலும் அந்த வழி திறக்காது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் சிலருக்குக் கதவைத் திறந்தது. அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை. "நாங்கள் இருந்தோமா இல்லையா என்று முகாமில் அடிக்கடி ஆளெண்ணிப் பார்ப்பார்கள் தம்பி" என்றார் அக்கா. "ஒரு நாள் நாங்கள் இல்லாவிட்டால் உதவிப்பணம் நிற்கும்."

இவ்வளவு கவனமாக எண்ணப்பட்டும் எண்ணிக்கையில் சேராதவர்களை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. அவருடைய படிவங்களுக்கு நான் போட்டோக்கொப்பிக்கான காசும் வாங்கவில்லை. மனைவிக்கு இது தெரியாது. கொப்பியில் எழுதியிருக்கிறேன், அவள் அதை வாசிப்பதில்லை.

தங்கையின் சத்தியப்பிரமாணம் 2023இல் நடந்தது. கணினித் திரையில்தான். அவள் அங்கே மேசைக்கு முன்னால் சேலை கட்டி உட்கார்ந்திருக்க, அவள் கணவர் பின்னால் நின்று தொலைபேசியில் எங்களுக்குக் காட்டினார். எங்களுக்கு இரவு. அம்மாவுக்கு அந்தத் திரைக்குள் இருந்த திரையில் ஒன்றும் தெரியவில்லை. தங்கை ஏன் கையை உயர்த்தினாள், ஏன் பிறகு அழுதாள் என்று மட்டும் கேட்டார்.

இங்கே ஒரு கணக்கு இருப்பதை நான் முன்பே தங்கையிடம் சொல்லியிருந்தேன். வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பி எடுத்தால் இலங்கைக் குடியுரிமை போய்விடும். திரும்ப வேண்டுமானால் இரட்டைக் குடியுரிமைக்குத் தனியாக விண்ணப்பித்து, கட்டணம் கட்ட வேண்டும். 2014ஆம் ஆண்டுக் காணிச் சட்டத்தால் வெளிநாட்டவர் இங்கே காணி வாங்குவதும் கடினம். இரட்டைக் குடியுரிமை இருந்தால் அந்தத் தடை இல்லை. "பிறகு பார்ப்போம் அண்ணா, இப்போது இரண்டு பிள்ளைகளுக்குப் பல் வைத்தியம்" என்றாள். அது இன்னும் பிறகாகத்தான் இருக்கிறது.

போன வருடம் ஆடி மாதம் பிள்ளைகளோடு வந்தாள். நீலநிறக் கடவுச்சீட்டு, உள்ளே சுற்றுலா அனுமதி. முற்றத்தில் மாமரத்துக்குக் கீழே பிள்ளைகள் கோழியைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். அம்மா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார்.

"இனி அவள் எத்தனை நாள் வேண்டுமென்றாலும் இங்கே நிற்கலாம் இல்லையா? அங்கேதான் எண்ணி முடித்துவிட்டார்களே."

"அங்கே முடிந்துவிட்டது அம்மா. இங்கே முப்பது நாள்."

"எங்கே முப்பது நாள்?"

"இலங்கையில். இனி அவள் கனடாக்காரி. முப்பது நாளுக்குத்தான் விடுவார்கள். அதற்கு மேல் நிற்க வேண்டுமென்றால் காசு கட்டி நீட்டிக்க வேண்டும்."

அம்மா அடுப்பில் இருந்த சட்டியை இறக்கிவைத்தார். சுவரில் நாள்காட்டி தொங்கியது. கிட்டப் போய், தங்கை வந்த திகதியில் விரலை வைத்து ஒவ்வொன்றாகக் கீழே இறக்கிக்கொண்டு போனார். பாதியில் நின்று, வாசலில் வந்து நின்ற தங்கையைப் பார்த்துக் கேட்டார்.

"வந்த நாளும் போகிற நாளும் சேர்த்தா, சேர்க்காமலா?"

"ஐயோ அம்மா," என்றாள் தங்கை, "நீங்களுமா?"